150 கிராம் மல்லன்!

ஒரு புதிய கிரிக்கெட் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படியும் 156 கிராமாவது இருக்கும். அதைவிடக் குறைந்த எடையில் ஒரு மல்லனைச் செய்ய வேண்டும் என்றால்?

இரண்டு சக்கரம், அவற்றை ஓட்ட இரண்டு மோட்டார், எதிரியை அடிக்க ஒரு பிளேடு, அதைச் சுழற்ற இன்னொரு மோட்டார், பேட்டரி, ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் ரிசீவர், அடி வாங்கினால் தாங்க ஒரு கவசம்... எல்லாம் சேர்ந்து 150 கிராமுக்குள் முடிய வேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மொத்த உருவமும் நாலு அங்குலப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். தராசு 150-க்கு மேல் துளி காட்டினாலும் களத்துக்குள் அனுமதி இல்லை.

பிரிட்டனில் இந்தப் பிரிவுக்கு ஆன்ட்வெயிட் என்று பெயர். எறும்பு எடை! அமெரிக்காவில் இதே 150 கிராமை ஃபேரிவெயிட் என்கிறார்கள், தேவதை எடை. அங்கே எறும்பு என்றால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். அமெரிக்க எறும்பு கொஞ்சம் போஷாக்கானது போல.

டி.வி-யில் வரும் ரோபோ சண்டைகளில் மோதுபவை எல்லாம் யானைகள். 'பேட்டில்பாட்ஸ்' நிகழ்ச்சியின் ஹெவிவெயிட் ரோபோக்கள் 250 பவுண்டு, சுமார் 113 கிலோ. இந்த விளையாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மார்க் தோர்ப் என்ற அமெரிக்கர். சினிமாவுக்கு மாதிரி உருவங்கள் செய்யும் கலைஞர். வீட்டு வேலைக்கு ரிமோட்டில் ஓடும் வேக்குவம் கிளீனர் செய்யப் போய், அது சரிவராமல், அதிலிருந்து பிறந்த யோசனைதான் ரோபோ சண்டை. 1994-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் முதல் 'ரோபோ வார்ஸ்' நடந்தது. 1998-ல் பிபிசி அதை டி.வி-க்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் மும்பை ஐ.ஐ.டி-யின் டெக்ஃபெஸ்ட்டில் கல்லூரி மாணவர்கள் ரோபோக்களை மோத விடுகிறார்கள்.

ஆனால், யானை வளர்க்க எல்லோராலும் முடியுமா? எறும்பு என்றால் சாப்பாட்டு மேஜையிலேயே வளர்க்கலாம். அதனால்தான் அப்பா - மகள், அம்மா - மகன் என்று குடும்பமாக வந்து இறங்கும் பிரிவாக இது இருக்கிறது.

இங்கிலாந்தில் அப்படி ஒரு அப்பாவும் 12 வயது மகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் கற்பனைதான். ஆனால் அவர்களுடைய ரோபோவுக்கு வரப்போகும் கஷ்டங்கள், எறும்பு வளர்க்கும் எல்லா வீட்டிலும் நடப்பவை.

முதல் ரோபோவை மாசக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். முன்பக்கம் செங்குத்தாகச் சுழலும் ஒரு எஃகு பிளேடு. நீளம் 6 செ.மீ., எடை 25 கிராம். மகள் வரைந்து கொடுத்த வடிவம் அது. மேலே அவள் ஒட்டிய இரண்டு கண் ஸ்டிக்கர்கள், முறைத்துப் பார்ப்பது மாதிரி. போட்டி ஒன்றுக்கு மூன்று நிமிடம்.

முதல் சண்டை. பிளேடு 'ஙொய்ய்ய்' என்று சுழல்கிறது. எதிரி மீது ஒரே ஒரு மோதல். இவர்களுடைய ரோபோ அப்படியே நின்றுவிட்டது. நடுவர் எண்ணி முடித்துவிட்டார்.

இரண்டாவது சண்டையில் எதிரி இதைப் புரட்டிப் போட்டது. கவிழ்த்த கரப்பான்பூச்சி மாதிரி சக்கரம் மட்டும் ஆகாயத்தில் சுழன்றது. மூன்றாவதில் எதிரிகூட ஒன்றும் செய்யவில்லை. வேகமாகத் திரும்பும்போது இதுவே ஒருக்களித்து, தானே சாய்ந்து, தானே விழுந்தது.

மூன்றிலும் தோல்வி. காரில் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரே யோசனைதான் வரும்: இன்னும் பெரிய பிளேடு போடலாம். எல்லா அப்பாக்களுக்கும் அதுதான் வரும்.

பிரித்துப் பார்த்தால்தான் கதை வேறு. பிளேடில் ஒரு கீறல்கூட இல்லை. முதல் சண்டையில் என்ன நடந்தது தெரியுமா? பேட்டரியின் கனெக்டர் அதிர்ச்சியில் கழன்றுவிட்டது. அவ்வளவுதான். மாசக்கணக்கான உழைப்பு, ஒரு பிளக் கழன்றதில் முடிந்துபோனது.

சின்ன ரோபோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. எதிரியின் ஆயுதம் நேராகக் கொல்வது குறைவு. மோதலின் அதிர்ச்சியில் ஒயர் பிடுங்கிக்கொள்ளும், ஈயப் பற்று விட்டுப்போகும், மோட்டாருக்குள் இருக்கும் கடுகு சைஸ் கியரின் பல் உடையும். இதற்கான வைத்தியத்தில் எந்தக் கவர்ச்சியும் கிடையாது. கனெக்டரைச் செருகியபின் ஒரு டேப் சுற்று. ஒயரை முறுக்காகக் கட்டாமல், வளைந்து கொடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் தளர விடுவது. சர்க்யூட் போர்டை உடம்போடு இறுக்கித் திருகாமல், பஞ்சில் சுற்றி வைப்பது. வளையல் வாங்கிவந்து பையில் பேப்பர் சுற்றி வைப்பார்களே, அதே தத்துவம்.

இன்னொரு விஷமமான விஷயம் உண்டு. ஸ்க்ரூ கழலாமல் இருக்க அதில் ஒரு துளி நீலப் பசை விடுவார்கள். உலோகத்துக்கு அது அமிர்தம். அதே துளி, பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மூடியில் வழிந்தால் விஷம். இறுக்கிப் பூட்டிய இடத்தைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் ஓடி, அடுத்த அடியில் மூடி சில்லுச் சில்லாகிவிடும். கழலக் கூடாதே என்று எடுத்த முன்ஜாக்கிரதையே கவசத்தை உடைத்துவிடும். அடிபட்ட ரோபோவைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடாமல் பூதக்கண்ணாடியோடு உட்காருபவர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியவரும்.

எடைக் கணக்கு

இப்போது சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைக்கிறாள் மகள். சக்கர மோட்டார் இரண்டும் 20 கிராம். பேட்டரி 15. ரிசீவர், கன்ட்ரோலர் எல்லாம் 12. பிளேடு 25. அதைச் சுழற்றும் மோட்டார் 20. மொத்தம் 92 ஆயிற்று. மிச்சம் 58 கிராமில்தான் உடம்பு, கவசம், சக்கரம், ஒயர், ஸ்க்ரூ எல்லாம். சின்ன எஃகு ஸ்க்ரூ ஒன்று ஏறக்குறைய 1 கிராம் நிற்கும். பத்து ஸ்க்ரூ போட்டால் ஒரு பேட்டரி எடையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

சம்பளக் கவரை வைத்துக்கொண்டு மாத பட்ஜெட் போடுகிற வீட்டுக்கு இது புதிதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்றை வெட்ட வேண்டும். இந்த ரோபோவில் எதையும் சேர்க்க முடியாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம், அவ்வளவுதான். பெரிய பிளேடு என்றால் கவசம் மெலியும். கவசம் தடித்தால் பேட்டரி சிறுக்கும். பேட்டரி சிறுத்தால் மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

சரி, பிளேடு எடையை ஏற்றாமல் வேகத்தை மட்டும் ஏற்றினால்? அப்பாவின் அடுத்த யோசனை இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சுழலும் பொருளின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், அதில் சேரும் ஆற்றல் நான்கு மடங்காகும். இவர்களுடைய பிளேடு நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது அதில் இருக்கும் ஆற்றல், ஒரு கிலோ உப்புப் பாக்கெட் முழங்கால் உயரத்திலிருந்து காலில் விழுவதற்குச் சமம். அதையே 20,000 சுற்று ஆக்கினால், அதே பாக்கெட் ஆள் உயரத்திலிருந்து விழுந்த மாதிரி. 25 கிராம் இரும்புத் துண்டுக்குள் இவ்வளவு!

ஆனால் அடி விழ வேண்டுமே. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, ஒரு காகித முனையை நீட்டினால் இறக்கைகளுக்கு நடுவே உள்ளே போய் மாட்டும். முழு வேகத்தில் நீட்டினால், விளிம்பில் 'பர்ர்ர்' என்று உரசிக்கொண்டு நிற்கும். ஓர் இறக்கை போய் அடுத்த இறக்கை வருவதற்குள், உள்ளே நுழைய நேரம் கிடைப்பதில்லை.

ரோபோவுக்கும் இதே கணக்கு. அது விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் எதிரியை நோக்கிப் பாய்கிறது. பிளேடு 10,000-ல் சுற்றினால், ஒரு முழுச் சுற்றுக்குள் ரோபோ 9 மி.மீ. முன்னேறும். பிளேடுக்கு இரண்டு முனை இருப்பதால் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே 4.5 மி.மீ. எதிரியின் உடம்புக்குள் பல் இறங்கக்கூடிய அதிகபட்ச ஆழம் அதுதான். வேகத்தை 20,000 ஆக்கினால், அது 2 மி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும். ஆற்றல் நான்கு மடங்கு ஏறியும், கடிக்க வேண்டிய பல் எதிரியைச் சுரண்டிவிட்டுப் போகும். தீப்பொறி பறக்கும், கூட்டம் கை தட்டும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது.

அதனால் இரண்டு முனையில் ஒன்றை வெட்டிவிட வேண்டும். ஒற்றைப் பல். மறுபக்கம் குட்டையாக, ஆனால் கனமாக. இரண்டு பக்கமும் சமநிலையில் இல்லாவிட்டால், துணி ஒரு பக்கமாக ஒதுங்கிய வாஷிங் மெஷின் மாதிரி ரோபோ குதிக்கத் தொடங்கிவிடும். வேகம் 12,000 போதும். இப்போது பல் இறங்கும் ஆழம் 7.5 மி.மீ.

சொல்வது சுலபம். மகள் ஆசையாக வரைந்த பிளேடு அது. இரண்டு பக்கமும் வாள் முனை மாதிரி வளைந்திருக்கும். அதை அறுக்கச் சொல்கிறது கணக்கு. ரோபோ செய்பவர்கள் பலர் தோற்றுக்கொண்டே இருப்பது இந்த இடத்தில்தான். எதைப் பார்த்துப் பெருமைப்பட்டார்களோ, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வேகத்தை அளவோடு வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மூன்றாவது சண்டையில் ரோபோ தானே கவிழ்ந்தது நினைவிருக்கிறதா? சுழலும் பம்பரத்தைத் தட்டினால், அது விழாமல் வேறொரு திசையில் சாய்ந்து போகும். செங்குத்துப் பிளேடும் படுக்கவைத்த பம்பரம்தான். ரோபோ சட்டென்று திரும்பும்போது, பிளேடு அதற்குப் பணியாமல் ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். வேகம் கூடக்கூட இந்த முரண்டும் கூடும். சக்கரங்களை இன்னும் அகலமாகத் தள்ளி வைத்தால் முரண்டு அடங்கும். தரையில் காலை அகட்டி நிற்கும் மல்லனைச் சாய்ப்பது கஷ்டம்தானே.

கவிழ்ந்தால் என்ன செய்வது?

'ரோபோ வார்ஸ்' டி.வி. தொடரில் கேயாஸ் 2 என்று ஒரு ரோபோ இருந்தது. மூன்றாவது, நான்காவது தொடர்களில் அடுத்தடுத்து பட்டம் வென்றது. எதிரிகளைக் காற்றழுத்தத்தால் தூக்கி எறியும் கை அதற்கு. தான் கவிழ்ந்துவிட்டால் அதே கையைத் தரையில் உதைத்து எழுந்து நிற்கும். ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை.

150 கிராமில் தனியாக ஒரு கை வைக்க வழியில்லை. அதனால் எறும்புக்காரர்கள் பலர் கவிழ்ந்தாலும் ஓடுகிற மாதிரி செய்துவிடுவார்கள். சக்கரத்தின் உயரம் உடம்பைவிட அதிகமாக இருந்தால், எந்தப் பக்கம் விழுந்தாலும் அது தரையைத் தொடும். மென்மையான ஃபோம் சக்கரம் எடையும் குறைவு, அடியையும் வாங்கிக்கொள்ளும். அப்பாவும் மகளும் 6.5 செ.மீ. சக்கரத்துக்கு மாறினார்கள். மாறியதும் வேறொன்று கெட்டது. பெரிய சக்கரம் ஒரே சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் தள்ளும் வலு குறையும். ஆகவே மோட்டாரின் கியரையும் மாற்ற வேண்டியதாயிற்று. கவிழ்ந்து ஓடும்போது பிளேடு தலைகீழாகச் சுற்றும். மேல்நோக்கித் தூக்கிய பல் இப்போது எதிரியைத் தரையோடு அமுக்கும். எனவே பிளேடு மோட்டார் எதிர்த்திசையிலும் சுற்ற ரிமோட்டில் ஒரு சுவிட்ச். பழைய வீட்டில் ஒரு குழாயை மாற்றப் போய், பாத்ரூம் முழுக்க உடைத்த கதைதான்.

உடம்பு விஷயம் நல்லவேளையாக எளிது. முதல் ரோபோவின் சுவர்கள் 3டி பிரின்டரில் கெட்டியான பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டவை. கெட்டி என்பதால் உடையும். ரப்பர் மாதிரி வளையும் டி.பி.யூ-வில் அச்சிட்டால் அடியை விழுங்கிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். அச்சிடும் திசையையும் பார்க்க வேண்டும். விறகு நார்ப்போக்கில் பிளப்பது மாதிரி, பிரின்டரில் வந்த பொருள் அடுக்குகளுக்கு நடுவேதான் பிளக்கும்.

ஆயுதமே இல்லாமலும் ஜெயிக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல எறும்பு அரங்குகளின் ஓரத்தில் குழி உண்டு. தரையோடு தரையாகச் சரிந்த ஒரு தகடு, நல்ல பிடிப்புள்ள சக்கரம், கை பழகிய ஓட்டுநர்... இவ்வளவு இருந்தால் எதிரியை அலுங்காமல் குழிக்குள் தள்ளிவிட்டு வரலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ஆனால் 12 வயதில் யாருக்குத் தகடு பிடிக்கும்?

எதிரிக்கு ஏற்றபடி வேஷம் மாற்றுவதும் உண்டு. 'ரோபோ வார்ஸ்' ஆறாவது தொடரின் இறுதிப் போட்டியில் டொர்னாடோவும் ரேஸரும் மோதின. ரேஸருக்குக் கழுகு மூக்கு மாதிரி ஒரு நசுக்கும் அலகு. அதில் சிக்கினால் தப்ப முடியாது. டொர்னாடோ குழுவினர் தங்கள் ரோபோவைச் சுற்றி ஒரு பெரிய உலோகச் சட்டத்தை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ரேஸரின் அலகு சட்டத்தைத் தாண்டி உடம்பை எட்டவில்லை. நடுவர்கள் டொர்னாடோவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். விதிக்கு உட்பட்டதுதான். இருந்தாலும், 'இதெல்லாம் ஒரு வெற்றியா' என்ற சண்டை ரசிகர்களுக்குள் ஓயவே இல்லை. ஒரு கோணத்தில் பார்த்தால் அன்று போட்டியை வென்றது ஒரு ஜன்னல் சட்டம்.

விரல் பத்திரம்

வீட்டில் குழந்தைகள் ஆசைப்பட்டால் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. எடைக்குறைவான, சக்தி வாய்ந்த லித்தியம் பாலிமர் பேட்டரிதான் இதில் போடுவார்கள். குத்துப்பட்டாலோ உப்பிப்போனாலோ அது தீப்பிடிக்கலாம். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. அதற்கென்றே உள்ள சார்ஜரில், எரியாத பையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும்.

பிளேடு இன்னொரு ஆபத்து. 25 கிராம்தானே என்று மேஜையில் சுழற்றிப் பார்த்தால், தெறிக்கும் துண்டு கண்ணுக்கு வரும். கெட்டியான பிளாஸ்டிக் கூண்டுக்குள்தான் சோதனை. கூண்டுக்கு வெளியே பிளேடு திரும்ப முடியாதபடி ஒரு பூட்டு. ரிமோட் சிக்னல் அறுந்தால் எல்லா மோட்டாரும் தானாக நிற்க வேண்டும். போட்டிகளில் இதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அனுமதிப்பார்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் 1995-ல் ப்ளெண்டோ என்ற ரோபோ வந்தது. கவிழ்த்த வாணலி மாதிரி உருவம். புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினால் அந்த முழு ஓடும் சுழலும். செய்தவர் ஜேமி ஹைனமன், உடன் உழைத்தவர் ஆடம் சாவேஜ். பிற்காலத்தில் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சியில் உலகமே பார்த்த அதே இருவர். ப்ளெண்டோ மோதியதும் எதிரியின் துண்டுகள் தடுப்பைத் தாண்டிப் பறந்தன. இதற்கு மேல் வேண்டாம் என்று அமைப்பாளர்கள் முடிவு செய்து, இணைச் சாம்பியன் பட்டத்தைக் கொடுத்துப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அளவுக்கு மீறி நன்றாகச் செய்ததற்கு ஒரு பட்டம்!

மேஜைக்குத் திரும்புவோம். மகள் பிளேடை அறுக்கச் சம்மதித்துவிட்டாள். அறுத்து விழுந்த துண்டைத் தன் பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டாள். பிளேடு 25 கிராமிலிருந்து 20 ஆனது. மிச்சமான ஐந்து கிராம் பெரிய சக்கரத்துக்குப் போயிற்று. கனெக்டருக்கு டேப், போர்டுக்குப் பஞ்சு, சுவருக்கு டி.பி.யூ. அதன்பின் ஆயுதத்தையே கழற்றிவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வெறுமனே ஓட்டிப் பழகினாள். தலைகீழாக ஓடும்போது முன் பின்னாகவும் பின் முன்னாகவும் மாறும். அதைக் கை மறக்காமல் இருக்க, சாயங்காலம் சாயங்காலமாக ஓட்டியாக வேண்டும். இந்த ஒன்றுக்குத் தராசில் எடை கிடையாது.

போட்டிக்கு முந்தைய இரவு, கடைசியாக ஒருமுறை எடை போட்டார்கள்.

150.3 கிராம்.

அப்பா ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கடைசியில் அந்த ஸ்டிக்கர்களில் வந்து நின்றது. முறைக்கும் இரண்டு கண்கள். உரித்தால் சரியாகிவிடும்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியையும் ஈயப் பற்றுக் கருவியையும் எடுத்துவந்தாள். ஒயர் ஒயராக அவிழ்த்து, தளர்வு போகாத அளவுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு செ.மீ. வெட்டி, மறுபடி பற்றவைத்தாள். ஏழு ஒயர். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

மறுபடி தராசில் வைத்தபோது 149.9. கண்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.